உப்புக் கொட்டிய தண்ணீர் போன மூலை: ஒரு கிராமக் கோயிலின் கல் சிதைவு, நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேலூர் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டிக் கிழக்குப் பார்த்த சிறிய சிவன் கோயில். கருவறை, அர்த்த மண்டபம், முன் மண்டபம், வாசலுக்கு நேரே நந்தியும் பலிபீடமும். அடியிலிருந்து கூரை வரை கல். தெற்குச் சுவரின் அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளப் படைகளில், ஜகதி என்ற படையிலும் அதற்கு மேலுள்ள எண்பட்டைக் குமுதப் படையிலும், பிற்காலப் பாண்டியர் எழுத்தமைதியில் ஒரு தமிழ்க் கல்வெட்டு ஓடுகிறது. கோயில் விளக்குக்கு நிலம் விட்ட செய்தியும் அந்த நிலத்தின் எல்லையும் அதில் இருக்கின்றன. ஊரையும் ஆட்களையும் இங்கே அடையாளம் சொல்லவில்லை.

கல் உள்ளூர்க் கல்தான். கருங்கல் என்று பொதுவாகச் சொன்னாலும் மதுரை வட்டாரத்தில் அது பல வகை. இந்தக் கோயிலில் இருப்பது வெளிர் சாம்பலும் இளஞ்சிவப்பும் வரிவரியாக ஓடும் நைஸ் (gneiss) என்ற பாறை வகை. அதிலுள்ள கனிமங்கள் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், இடையிடையே காக்காய்ப்பொன் (மைக்கா). புதிதாக வெட்டிய இப்படிப்பட்ட கல்லில் நுண்துளை பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் பல நூறு வருட வெயிலும் மழையும் பட்ட கல்லின் மேல்தோல் வேறு. ஃபெல்ட்ஸ்பார் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக மாறியிருக்கும், காக்காய்ப்பொன் பழுத்து மஞ்சள் கறை விட்டிருக்கும், மணிகளுக்கு நடுவே தண்ணீர் போக வழி திறந்திருக்கும். "கருங்கல்லை என்ன செய்துவிடும்" என்ற நம்பிக்கை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகிறது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடந்த கும்பாபிஷேகத்தின்போது கோயிலைச் சுற்றி சிமெண்ட் தளம் போட்டார்கள். அதிட்டானத்தின் கீழ்ப்படையான உபானம் தளத்துக்குள் புதைந்துவிட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டி எடுத்து சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில், ஊர்ப் பணத்தில் செய்த வேலை. சில வருடத்திலேயே தெற்குச் சுவர் உதிரத் தொடங்கியது. அடுத்த கும்பாபிஷேகம் நெருங்கியபோது, மணல் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, மேலே வார்னிஷ் அடிப்பதற்குத் திருப்பணிக் குழு விலை கேட்டிருந்தது. குழுவிலிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க" என்று எங்களை அழைத்தார். நாங்கள் மூன்று பேர்: கல் பராமரிப்பு வேலையில் இருக்கும் நான், ஒரு கல்தச்சர், கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பர்.

முதல் நாள்: எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்

ஆனி மாதம், காலை ஏழு மணி. ஊர்ப் பெரியவரான அம்பலகாரர்தான் சுற்றிக் காட்டினார். "கல்லு பொரியுது தம்பி. எதனாலன்னு தெரிஞ்சா ஒரு மருந்து அடிச்சிரலாம்" என்றார். வடக்குச் சுவரைக் காட்டி அதையே சொன்னார், மண்டபத் தூணைக் காட்டி அதையே சொன்னார், கல்வெட்டைக் காட்டியும் அதையே சொன்னார். மூன்று இடத்திலும் கல் பொரிந்துதான் இருந்தது. ஆனால் மூன்றும் ஒன்றில்லை. எங்கள் வேலையே அங்கிருந்துதான் தொடங்கியது.

நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான இக்கோமாஸின் (ICOMOS) கல்லுக்கான அறிவியல் குழு 2008இல் கல் சிதைவுகளுக்கு ஒரு படச் சொற்கோவை வெளியிட்டது. விரிசலும் உருத்திரிபும், பிரிந்து வருதல், பொருள் இழப்பு, நிறமாற்றமும் படிவும், உயிர்கள் குடியேறுதல் என்று ஐந்து குடும்பமாக அதில் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் நான்கு சுவரையும் கல் கல்லாக வரைந்து, குடும்பத்துக்கு ஒரு கலர் பென்சிலாகக் குறித்தோம். இரண்டு நாள் ஆனது. அவசரப்பட்டிருந்தால் இந்த வேலையைத்தான் முதலில் விட்டிருப்போம்.

வடக்குச் சுவரில் மூன்று கற்கள் கிண்ணத் துண்டுபோல வளைந்த சில்லுகளாகத் தெறித்திருந்தன. மேலே ஆளுயரத்துக்குப் புகைக்கரி. கேட்டபோதே விஷயம் தெரிந்துவிட்டது: பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் அந்தச் சுவரோரமாகத்தான் அடுப்புக் கூட்டுவார்கள், காற்று மறைவாம். சுட்ட கல்லில் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு அளவுக்கு விரியும். குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பே மாறி சட்டென்று பருக்கும். விறகு அடுப்புக்குப் பக்கத்துக் கல் அந்தச் சூட்டை எட்டாவிட்டாலும், சூடும் பிறகு ஊற்றி அணைக்கும் தண்ணீரும் சேர்ந்தால் மேல்தோல் பெயர்ந்துவிடும். 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு அந்தத் தூண்கள் இருந்த நிலையை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மண்டபத் தூண் ஒன்றில் நட்சத்திரம்போல விரிசல். நடுவில் கொடி கட்ட அடித்த பழைய இரும்பு முளை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லுக்குள் அந்த இடம் கிடைக்காதபோது கல் விரிகிறது. முளையை எடுப்பதுதான் வைத்தியம், விரிசலில் எதையாவது அடைப்பது அதற்கு அப்புறம்.

அர்த்த மண்டபத்துக்குள் வௌவால் எச்சக் கறை, விளக்கு மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, மேற்குச் சுவரில் வெளிர்பச்சையும் ஆரஞ்சுமாக வட்ட வட்டமாகக் கல்பாசி. மேற்குச் சுவரின் கல் தட்டிப் பார்த்தால் 'கிண்' என்றது. கெட்டியான கல்லின் மேல் இருக்கும் அந்தப் பாசி பார்வைக்கு உறுத்தலாக இருக்கலாம், அவசரமாகத் தொட வேண்டிய அவசியம் இல்லை என்று குறித்துக்கொண்டோம்.

சிதைவே இல்லாதவற்றையும் குறித்தோம். ஒரு கல்லின் விளிம்பில் வரிசையாக ஆப்புக் குழிகள். கல்லைப் பிளந்தபோது அடித்தவை, கோயிலின் வயதே அவற்றுக்கும். வாசல் படியோரம் மஞ்சள் அரைத்து அரைத்து வந்த பளபளப்பான பள்ளம் ஒன்று. இரண்டையும் சிமெண்ட் வைத்து அடைக்கக் குழு பட்டியல் போட்டிருந்தது. ஆசிரியர் அந்த இரண்டு வரியையும் அப்போதே பேனாவால் அடித்தார்.

தெற்குச் சுவரின் கிழக்கு மூலை

கல்வெட்டு இருக்கும் தெற்குச் சுவரில்தான் சேதம் அதிகம். அதுவும் ஒரே சீராக இல்லை. மேற்கு முனையில் கல் முழுசாக இருந்தது. கிழக்கே போகப் போகக் குமுதத்தின் பட்டைகள் மழுங்கி, தென்கிழக்கு மூலையில் விரல் வைத்தாலே மணிமணியாக உதிர்ந்தது. அதற்கு மேலே, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கல்லின் தோல் புண்ணாறும்போது எழும் பொருக்கைப்போலப் படலமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மரச் சுத்தியால் லேசாகத் தட்டினால் 'பொத்' என்ற வெற்றொலி. பொருக்குக்கு மேலே வெள்ளைப் பூப்பு ஒரு கோடாக ஓடியது. அதற்கு மேல் கல் நன்றாக இருந்தது.

கீழே ஈரம், நடுவில் உதிர்வு, மேலே வெள்ளைக் கோடு. இந்த வரிசையைப் பார்த்தால் தரையிலிருந்து ஏறும் ஈரமும் உப்பும்தான் என்று சொல்லிவிடலாம். சிமெண்ட் தளத்தால் மண்ணின் ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் சுவர்ப்பக்கம் ஏறியிருக்கும் என்பதும் நியாயம்தான். ஆனால் தளம் நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்க, ஒரு மூலை மட்டும் ஏன் இப்படி? எங்கள் வரைபடத்தில் சிவப்பு முழுக்க அந்த மூலையில் குவிந்திருந்தது. காரணம் தெரியாமல் கையை வைக்கக் கூடாது என்று அன்று கிளம்பிவிட்டோம்.

வெள்ளைப் பூப்பைக் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டுப் பார்த்தோம். தயிர்போலத் திரிந்தது. குளோரைடு, அதாவது பெரும்பாலும் சமையல் உப்பு. சிமெண்டிலிருந்து வரும் உப்புகளில் சல்பேட்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். வௌவால் எச்சத்திலிருந்து என்றால் நைட்ரேட். கடல் இங்கிருந்து வெகு தூரம். இவ்வளவு சமையல் உப்பு எங்கிருந்து?

விடை சொன்னது கோயிலைப் பெருக்கித் துடைக்கும் அம்மா. இரண்டாவது முறை போனது ஒரு சனிக்கிழமை காலை. பலிபீடத்தைச் சுற்றிக் கல்லுப்பும் மிளகும் கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தன. மரு, தேமல், சொறி போக வேண்டிக்கொள்பவர்கள் செவ்வாயும் வெள்ளியும் வந்து கொட்டுவது அங்கே வழக்கம். அந்த அம்மா மிளகைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி உப்பை விளக்குமாற்றால் தள்ளினார். தண்ணீர் சிமெண்ட் தளத்தில் வழிந்து தென்கிழக்கு மூலைக்குப் போய், ஜகதியின் அடியில் குளம் கட்டி நின்றது.

"எப்பவும் அங்கதான் போகுமாம்மா?"

"ஆமா தம்பி. முன்னாடி மண்ணுத் தரையா இருந்தப்ப அங்கனயே ஊறிரும். தளம் போட்டதுல இருந்து அந்த மூலைக்குத்தான் ஓடுது. வெளிய போற ஓட்டைதான் அடைச்சுக் கெடக்கே."

வழக்கம் பழையது, தளம் புதியது. இரண்டும் சேர்ந்ததில் வாரத்துக்கு இரண்டு முறை உப்புத் தண்ணீர் கல்வெட்டின் காலடியில் நின்றிருக்கிறது, பன்னிரண்டு வருடமாக.

உப்பு கல்லை எப்படி உடைக்கிறது என்பதற்கு வீட்டு உப்பு ஜாடியையே சொல்லலாம். ஐப்பசி மழையில் ஜாடி உப்பு நீர்விடும், சித்திரையில் கட்டியாக இறுகும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும், குறைந்தால் திரும்பப் படிகமாகும். கல்லின் நுண்துளைக்குள் அது படிகமாகும்போது சுற்றியுள்ள மணிகளை நெட்டித் தள்ளுகிறது. மழைக்காலத்து இரவில் கரைந்து பகலில் இறுகுவது என்று ஒரே பருவத்தில் பல முறை இது நடக்கும். சிமெண்ட் பூசிய இணைப்புகள் ஈரத்தை விடாததால் அது முழுவதும் கல்லின் முகம் வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது. அந்த முகத்தில்தான் எழுத்து இருக்கிறது.

எடுத்த முடிவுகள்

மணல் பீய்ச்சுவது வேண்டாம் என்று முதலில் சொன்னோம். வேகமாக வரும் மணலுக்கு அழுக்கு எது, எழுத்து எது என்று தெரியாது. ஏற்கெனவே தூக்கி நிற்கும் பொருக்கு ஒரே வீச்சில் போய்விடும். ஆசிட் காக்காய்ப்பொன்னிலிருந்து இரும்பைக் கரைத்து மஞ்சள் கறை விடும், அதோடு புதிதாக ஒரு உப்பையும் உள்ளே விட்டுவிட்டுப் போகும். வார்னிஷ் அடித்தால் ஈரம் அதற்குப் பின்னால் அடைபட்டு, அடுத்த பொருக்கு இன்னும் தடிமனாக வரும். அம்பலகாரருக்கு இதில் வருத்தம். கும்பாபிஷேகத்தன்று கோயில் புதுசாகத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை, அதில் தப்பு ஒன்றும் இல்லை. கல்தச்சர்தான் அவரைத் தெற்குச் சுவருக்கு அழைத்துப் போய், உதிர்ந்த மணலை உள்ளங்கையில் அள்ளிக் காட்டி, "அண்ணே, இதுல பாதி எழுத்து" என்றார். அதற்குப் பிறகு அவர் மணல் பீய்ச்சும் பேச்சை எடுக்கவில்லை.

செய்ய வேண்டியவை நான்கு. சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு சிமெண்ட் தளத்தை உடைத்து எடுத்து, உபானத்தை வெளியே கொண்டுவந்து, அந்த வாய்க்காலில் ஜல்லி நிரப்புவது. அடைபட்ட வடிகாலைத் திறப்பது. இணைப்புகளில் உள்ள சிமெண்டைக் கை உளியால் மட்டும் எடுத்து, சலித்த மணலும் சுண்ணாம்பும் கலந்த சாந்து வைப்பது. நான்காவது உப்பு.

உப்புக் கொட்டாதே என்று போர்டு மாட்டலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வேண்டுதலோடு வருகிறவரை ஒரு போர்டு தடுக்காது, தடுக்கவும் கூடாது. பூசை செய்பவர் சொன்னது நல்ல வழி: பலிபீடத்துக்கு முன்னால் அகலமான மண் தொட்டி ஒன்றை வைப்பது, பலிபீடத்துக்குச் செய்யும் பூசையைத் தொட்டிக்கும் செய்வது, நிறைந்த உப்பை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குழியில் கொட்டுவது. கண்மாயில் கொட்டக் கூடாது என்பதை விவசாயிகளே சொல்லிவிட்டார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை அந்த அம்மா தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வருகிறவர்களுக்குச் சொன்னார். மூன்றாவது வாரம் யாரும் கேட்கவில்லை.

அடுப்பு இடம் மாறியது, இரும்பு முளை வெளியே வந்தது. இவற்றுக்குப் பெரிய விவாதம் இல்லை. உரிய அனுமதிகளைக் குழு வாங்கியது.

எங்கள் தவறு

ஆடி மாதம், தளம் உடைக்கும் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள். கல்வெட்டு முழுவதையும் பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுத்திருந்தோம். ஒளி சுவரை உரசிக்கொண்டு போனால் மழுங்கிய எழுத்தும் நிழல் விட்டு எழும்பும். மைப்படி எடுக்கும் யோசனையை ஆரம்பத்திலேயே கைவிட்டோம், ஈரத்தாளை ஒற்றித் தூரிகையால் அடிக்கும் அடியை இந்தக் கல் தாங்காது. ஒரு வரியில் மட்டும் நிழலுக்குப் பதிலாகக் கரும்பச்சைப் பாசி மறைத்தது. நிலத்தின் கிழக்கெல்லையாக ஒரு குளத்தின் பெயர் வரும் இடம். படித்துவிட வேண்டும் என்ற ஆவல் எங்கள் எல்லோருக்கும்.

மென்மையான நைலான் தூரிகையை நனைத்துப் பாசியை எடுக்கத் தொடங்கியது நான். அந்தக் கல்லை அன்று தட்டிப் பார்க்கவில்லை. வரைபடத்தில் அது 'கெட்டி' என்று இருந்தது. முதல் நாள் தட்டியது அதன் மேல்பாதியை மட்டும். நான்காவது இழுப்பில் தூரிகைக்கு அடியில் ஏதோ நழுவியது. உள்ளங்கை அளவுக்கு, அப்பளத் தடிமனில் ஒரு பொருக்கு, மூன்று எழுத்தோடு, என் இடது கையில் விழுந்தது. கை அங்கே இருந்ததால் உடையவில்லை. பின்பக்கம் முழுக்க வெள்ளை உப்பு பூத்திருந்தது. பாசியின் வேர்போன்ற இழைகள்தான் அதை இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தன என்று தோன்றியது.

வேலையை நிறுத்தினோம். பொருக்கை இருபுறமும் படம் எடுத்து, பஞ்சு வைத்த டப்பாவில் வைத்து, எந்தக் கல், எந்த வரி, எந்த நாள் என்று எழுதி ஒட்டினோம். குழுவிடம் அன்று மாலையே சொன்னோம். ஆசிரியர் நீண்ட நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பற்றுப் போட்டது

தளம் எடுத்து, இணைப்புகளைத் திறந்து, ஒரு மாதம் சுவரை உலரவிட்டோம். தூக்கி நின்ற பொருக்குகளின் விளிம்பில் மட்டும் மெல்லிய சுண்ணாம்புச் சாந்தைத் தொட்டுவைத்தோம், பிடிமானத்துக்கு. பிறகு உப்பை உறிஞ்சி எடுக்கப் பற்று. தலைவலிக்குப் போடும் பற்று மாதிரிதான்: அச்சில்லாத வெள்ளைத் தாளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துக் கூழாக அரைத்து, விரற்கடை தடிமனுக்குச் சுவரில் அப்புவது. நீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும், கூழ் காயக் காய அந்த நீரோடு உப்பும் கூழுக்கு வந்துவிடும். காய்ந்த கூழைத் தானாகக் கழன்று வரும்போது எடுக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையே கேன் கேனாக வாங்கினோம்.

எடுத்த கூழில் குறிப்பிட்ட எடையை அதே நீரில் கரைத்து, ஆர்.ஓ. மிஷின்காரர்கள் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரால் பார்த்தோம். இரண்டாவது பற்றில் அளவு முதலாவதில் பாதிக்கும் கீழே வந்தது. மூன்றாவது போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் பற்று காயாது, காயாவிட்டால் உப்பு இன்னும் ஆழத்துக்குப் போகும். நிறுத்திவிட்டோம்.

ஒரு வருடத்தில்

உதிர்வை அளக்கக் கல்தச்சர் ஒரு எளிய வழி செய்தார். குமுதத்துக்குக் கீழே நீளமான தகரத் தட்டு ஒன்றை வைத்து, மாதம் ஒரு முறை அதில் விழுந்த மணலைக் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்தார். வேலை தொடங்குவதற்கு முன் மாதத்துக்கு ஒரு கைப்பிடி இருந்தது. மார்கழியில் இரண்டு சிட்டிகை. பங்குனியில் வெயில் ஏறியதும் மறுபடி ஒரு ஸ்பூன் அளவு விழுந்தது, வெள்ளைக் கோடும் தெரிந்தது. ஆனால் கோடு முழங்கால் உயரத்திலிருந்து கணுக்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஈரம் ஏறும் உயரம் குறைந்திருக்கிறது, கல்லுக்குள் பழைய உப்பு இன்னும் மீதி இருக்கிறது என்று இதை எடுத்துக்கொண்டோம்.

சுவரின் மேற்குப் பாதியில் தட்டில் ஒன்றுமே விழவில்லை. விரிசல் மேலும் விரிந்தால் உடைந்து காட்டட்டும் என்று தூண் விரிசலில் ஒட்டிய கண்ணாடித் துண்டு உடையாமல் இருக்கிறது. தென்கிழக்கு மூலைக் குமுதத்தில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு எழுத்து ஏற்கெனவே போய்விட்டது, அது திரும்பாது. அந்த இடத்தில் புதுக்கல் வைத்து எழுத்துப் பொறிக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம். போனது போனதாகத் தெரிவதுதான் மிச்சம் இருப்பதை நம்பச் செய்யும் என்பது என் கருத்து, கல்தச்சருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை.

கும்பாபிஷேகம் குறித்த நாளில் நடந்தது. சுவர்கள் பழைய நிறத்திலேயே இருந்தன.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

கலர் பென்சில் வரைபடத்தோடு, ஒவ்வொரு கல்லையும் சாண் சாணாகத் தட்டிப் பார்த்த கணக்கையும் அன்றே எழுதியிருக்க வேண்டும். ஒரு கல்லுக்கு ஒரு சொல் போதாது. பொருக்கு விழுந்ததற்கு நேரான காரணம் அதுதான்.

பாசி, உப்பு, பொருக்கு மூன்றும் ஒரே கல்லில் இருந்தால் பாசியைக் கடைசியில்தான் தொட வேண்டும். நாங்கள் முதலில் தொட்டோம், படிக்கும் ஆசையில்.

வேலையை மாசியில் தொடங்கியிருந்தால் மூன்று பற்றும் மழைக்கு முன் முடிந்திருக்கும். கும்பாபிஷேக நாளை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டது பிசகு, மழையை வைத்துப் போட்டிருக்க வேண்டும்.

கோயிலைத் துடைக்கும் அம்மாவை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் வரைபடம் வரைந்தபோது அவர் நாலு முறை எங்களைத் தாண்டிப் போனார்.

விழுந்த பொருக்கின் எழுத்துகளைப் பின்னர் நிதானமாகப் படித்தோம். குளத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துகள் அவை. அம்பலகாரரிடம் படித்துக் காட்டியதும், "அது நம்ம மேலக்கொல்லை ஊரணியில்ல" என்றார். பெயர் அதிகம் மாறவில்லை. மூன்றாவது பற்றும் முடிந்து தட்டில் மணல் விழுவது நின்ற பிறகு, சுண்ணாம்பை வைத்து அதை அதன் இடத்தில் ஒட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இப்போதைக்கு டப்பா குழுவின் பீரோவில், கணக்கு நோட்டுகளுக்கு மேல் தட்டில் இருக்கிறது.